கிணற்றுக் காவலனின் சுண்ணாம்புக் கணக்கு

அலகும் இல்லை, அம்மியும் இல்லை

அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய வயலில் நத்தைகுத்தி நாரை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வாயை மூடினாலும் நடுவில் இடுக்கு விட்டே நிற்கும் விநோத அலகு அதற்கு. அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் செருகி, சதையை மட்டும் உருவி விழுங்கிவிட்டு, வெறும் ஓட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அதே வயலுக்கு ஓட்டிவரப்படும் வாத்துகளுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. ஓட்டோடு விழுங்கும். விழுங்கினால் என்ன? உள்ளே ஓர் அம்மி காத்திருக்கிறது. பொடிக்கற்களை நிரப்பி வைத்திருக்கும் அரைவைப்பை, ஓட்டையும் சதையையும் சேர்த்து நைத்துவிடும்.

இப்போது மூன்றாவதாக ஒரு பிராணி. விரல் நீளம், ஈரமான தோல், கரிய முதுகு, கவிழ்த்துப் பார்த்தால் குங்குமச் சிவப்பில் வயிறு, அதில் மை தெளித்தாற்போலப் புள்ளிகள். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் நிறைய. தொட்டியில் பாசி மண்டுகிறதே, நத்தை தின்று சுத்தம் செய்யட்டும் என்று பத்து நத்தைகளை ஒருவர் விடுகிறார். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் இருக்கின்றன. மீதி ஏழும் எங்கே என்பதற்கு, தொட்டியின் அடியில் கிடக்கும் எச்சம் பதில் சொல்கிறது. கருத்த எச்சத்துக்கு நடுவே வெளிறிப்போன ஓட்டுச் சில்லுகள்.

இந்தப் பிராணிக்கு நாரையின் அலகும் இல்லை, வாத்தின் அம்மியும் இல்லை. கடைவாய்ப் பல்கூடக் கிடையாது. அப்படியானால் ஓடு உள்ளே போய் உடைந்து குடலைக் கிழிக்காதா? புளியங்கொட்டையை விழுங்கிவிட்ட பிள்ளையின் அம்மாவுக்கு வரும் அதே பதற்றம், இதை வளர்க்கத் தொடங்கும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே வந்துவிடுகிறது.

ஆளைச் சரியாக அறிமுகப்படுத்திவிடுகிறேன். தவளை, தேரைகளைப் போல இதுவும் ஓர் இருவாழ்வி. தண்ணீரிலும் தரையிலும் வாழத் தெரிந்தது. ஆனால் தவளை வளரும்போது வாலை இழந்துவிடும், இந்தக் கிளை கடைசிவரை வாலோடு இருக்கும். வாலுள்ள இருவாழ்விகளை மொத்தமாகச் சாலமாண்டர் என்கிறார்கள். அவற்றில் தண்ணீரில் அதிகப் பொழுதைக் கழிக்கும் ஒரு குழுவுக்கு நியூட் என்று பெயர். பல்லி மாதிரி தெரிந்தாலும் பல்லி இல்லை. உடம்பில் ஒரு செதில்கூடக் கிடையாது. தமிழ்நாட்டில் சாலமாண்டர் ஒன்றுமே வாழாததால் நம் மொழியில் அதற்குப் பழைய பெயரும் இல்லாமல் போயிற்று. இந்தியாவில் இவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங், சிக்கிம் பக்கமும் வடகிழக்கு மலைகளுக்கும் போக வேண்டும். அங்கே வாழும் இமயமலை நியூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதைப் பிடித்துத் தொட்டியில் போடும் ஆசை யாருக்கும் வேண்டாம்.

ஜப்பானியர்கள் இந்தச் சிவப்பு வயிற்றுக்காரனை 'இமோரி' என்கிறார்கள். எழுத்தைப் பிரித்துப் படித்தால் 'கிணற்றுக் காவலன்' என்று பொருள் வரும். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு அவர்கள் ஊரில் 'யமோரி', அதாவது வீட்டுக் காவலன். ஒருவன் வீட்டுக்கு, ஒருவன் கிணற்றுக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நெல் வயல்களிலும் குளங்களிலும் வாழும் இமோரிக்கு நத்தை புதிய பண்டம் இல்லை. புழு, பூச்சி, தலைப்பிரட்டை என்று அகப்படுவதையெல்லாம் தின்னும் அது, சின்ன நத்தையையும் விடாது. தொட்டியில் நாம் வைப்பது அதன் பழைய சாப்பாட்டில் ஒன்றைத்தான்.

உறிஞ்சு, பிடி, தேய்

தண்ணீருக்குள் இரையைக் கவ்வுவதில் ஒரு தொல்லை உண்டு. தண்ணீரில் மிதக்கும் சோற்றுப் பருக்கையைக் கையால் பிடிக்கப் போனால், கை தள்ளும் நீரே பருக்கையையும் தள்ளிவிடும். வாயைத் திறந்தபடி பாய்ந்து போகும் பிராணிக்கும் இதே கதிதான்.

இமோரி பாய்வதில்லை. நத்தைக்குப் பக்கத்தில் மெல்ல வந்து, தலையைச் சற்றே சாய்த்து, நிதானமாகப் பார்க்கும். திடீரென்று வாய் திறக்கும். அதே நொடியில் தொண்டைக்கு அடியிலுள்ள எலும்புச் சட்டம் கீழே இறங்கும். வாய்க்குள் சட்டென்று இடம் பெரிதாகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பத் தண்ணீர் பாய்கிறது, நத்தை அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் வேலை. இதை 'உறிஞ்சிப் பிடித்தல்' என்று சொல்லிக்கொள்வோம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது வழுக்கையும் சேர்ந்து ஏறுகிறதே, அந்தத் தத்துவம்தான்.

உள்ளே வந்த தண்ணீரை என்ன செய்வது? குஞ்சுப் பருவத்தில் செவுள் பிளவுகள் இருக்கும். முன்னால் புகுந்த தண்ணீர் பின்னால் போய்விடும். வளர்ந்த நியூட்டுக்கு அந்தப் பின்வாசல் அடைபட்டுவிடுகிறது. வந்த வழியாகவே தண்ணீரைத் துப்ப வேண்டும், நத்தையைத் துப்பிவிடவும் கூடாது. இங்கேதான் பல் உதவிக்கு வருகிறது.

அந்தப் பல்லைப் பல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். மணல் துகள் அளவில் வரிசை வரிசையாக நிற்கும் முட்கள். தாடையில் மட்டுமல்லாமல் மேல் அண்ணத்திலும் இருக்கும். இருவாழ்விகளின் பல்லில் ஒரு விசித்திரம், அடிக்கும் முடிக்கும் நடுவே கெட்டிப்படாத ஒரு மெல்லிய வளையம். கதவுக் கீல் மாதிரி. இத்தகைய பல்லால் இரையைப் பிடித்து நிறுத்தலாம், அரைக்க முடியாது.

அதனால் சாலமாண்டர்கள் மெல்லாமல் விழுங்குபவை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வாளர்கள், நியூட் சாப்பிடும்போது எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். இரையைப் பிடித்த பிறகு நாக்கு சும்மா இருக்கவில்லை. இரையை மேல் அண்ணத்துப் பல்வரிசைமேல் அழுத்தி, முன்னும் பின்னுமாகத் தேய்த்தது. தேங்காய் துருவுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவி நிற்கிறது, மூடியை நகர்த்துவது நாக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வாய் மூடியிருக்கிறது, விழுங்கிவிட்டது என்றே தோன்றும்.

புழுவின் தோலைக் கீறுவதற்கு இந்தத் தேய்ப்பு போதும். நத்தை ஓட்டை உடைக்கப் போதாது. மிக மெல்லிய ஓடானால் விளிம்பில் கொஞ்சம் நொறுங்கலாம், மற்றபடி நத்தை முழுசாகத்தான் வயிற்றுக்குள் போகிறது.

கற்கண்டின் முனை

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு, ஒரு நத்தை ஓட்டையோ முட்டை ஓட்டையோ போடுங்கள். உடனே ஓட்டின்மேல் பொடிக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஓரம் மென்மையாகும்.

நத்தை ஓடும் முட்டை ஓடும் கடற்கரைக் கிளிஞ்சலும் ஒரே பொருளால் ஆனவை. கால்சியம் கார்பனேட் என்பது வேதியியல் பெயர். சுண்ணாம்புக்கல்லும் அதுதான், கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றித்தான் நம் பழைய வீடுகளுக்குப் பூச்சும், தாத்தாவின் வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் வந்தன. இதன் மேல் அமிலம் பட்டால் கரைந்து, கால்சியத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரியமில வாயுவாகப் பொங்கும். கிண்ணத்தில் பார்த்த குமிழி அந்த வாயுதான்.

இமோரியின் இரைப்பையிலும் அமிலம் சுரக்கிறது. கிழிக்குமா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டால் எந்தப் பகுதி முதலில் மறைகிறது? கூர்முனைகள். முனையை எல்லாப் பக்கத்திலிருந்தும் உமிழ்நீர் சூழ்ந்துகொள்கிறது, தட்டையான பக்கத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே தொடுகிறது. இரைப்பையில் ஓட்டுச் சில்லுக்கும் இதே நியாயம். எது குத்தும் என்று பயப்படுகிறோமோ அந்த முனையில்தான் அமிலம் முதலில் கைவைக்கிறது. அதற்குமேல் இரைப்பைச் சுவர் முழுக்க வழவழவென்று சளிப் படலம் வேறு.

பாதி விடை என்று சொன்னேன். மறுபாதி, ஓட்டின் மேல்தோலில் இருக்கிறது. நத்தை ஓட்டுக்கு வெளியே பழுப்பும் பச்சையுமாக ஒரு மெல்லிய புரதத் தோல் உண்டு. நத்தை வாழும் தண்ணீரில் அமிலம் மிகுந்தால் ஓடு அரிக்கப்படாமல் காப்பது இந்தத் தோல். இரைப்பைக்குள்ளும் அது தன் வேலையை விட்டுவிடுவதில்லை. எனவே முழுசாக விழுங்கப்பட்ட நத்தையின் சதை மட்டும் ஓட்டின் வாய்வழியே செரித்துப் போக, ஓடு வெளிறியும் மெலிந்தும் அப்படியே எச்சத்தோடு வந்துவிடுவதும் உண்டு. தொட்டியின் அடியில் சில நாள் சில்லும், சில நாள் முழு ஓடும் கிடைப்பதன் காரணம் இதுதான்.

உயிரோடு மறுபக்கம் வந்த நத்தைகளும் உண்டு. நியூட்டின் கதை இல்லை, பறவையின் கதை. ஜப்பானின் ஹஹஜிமா தீவில் வெள்ளைக்கண்ணிக் குருவிகளுக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள பொடி நத்தைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குச் சுமார் 14 நத்தைகள் குருவியின் குடலைக் கடந்து எச்சத்திலிருந்து ஊர்ந்து வெளியே வந்தன. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பொறுமையாக இருந்தால் எதையும் கடந்துவிடலாம் போலிருக்கிறது.

ஒரு கிராம் சுவர்க்கோழி

ஓடு கிழிக்காது, சரி. அதனால் லாபம் ஏதாவது உண்டா? சதைதான் சாப்பாடு, ஓடு வெறும் பொட்டலம் என்றல்லவா நினைக்கத் தோன்றுகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

வளர்ப்பு இருவாழ்விகளுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் சாப்பாடு சுவர்க்கோழி. இரவில் கிரீச்சிடும் அதே பூச்சி, பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள். ஒரு கிராம் சுவர்க்கோழியில் கால்சியம் சுமார் 0.4 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 3 மில்லிகிராம். கால்சியத்தைப்போல ஏழு மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ். பூச்சிகளின் கூடு சுண்ணாம்பால் ஆனதில்லை, அதனால் இப்படி.

எலும்பு வைத்திருக்கும் பிராணிக்கு இந்த விகிதம் தலைகீழாக வேண்டும். பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பாஸ்பரஸ் ஓங்கிவிட்டால் குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது. இரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது. இதயமும் தசையும் நரம்பும் கால்சியம் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. ஆகவே உடம்பு ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அன்றாடச் செலவுக்கு வீட்டுச் செங்கல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி விற்பது மாதிரி. மாதக்கணக்கில் இது நடந்தால் தாடை தளர்ந்து ரப்பர் போலாகும், முதுகு வளையும், கால்கள் உதறும். வெளிப்படையாகத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

நம் கிணற்றுக் காவலன் 7 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அவன் ஒரு கிராம் சுவர்க்கோழி தின்றிருக்கிறான். 3 மில்லிகிராம் பாஸ்பரஸுக்கு ஒன்றரை மடங்கு என்றால் நான்கரை மில்லிகிராம் கால்சியம் தேவை. கையில் இருப்பது 0.4. பற்றாக்குறை ஏறக்குறைய 4 மில்லிகிராம்.

இப்போது ஒரு குட்டி நத்தை. அதன் ஓடு 20 மில்லிகிராம் எடை என்று கொள்வோம். ஒரு அரிசிமணியின் எடைதான். சுண்ணாம்பில் ஐந்தில் இரண்டு பங்கு கால்சியம். ஆக ஓட்டில் இருக்கும் கால்சியம் 8 மில்லிகிராம். பாதி ஓடு கரைந்து, பாதி எச்சத்தோடு போய்விட்டாலும் கிடைப்பது 4 மில்லிகிராம். பற்றாக்குறை அப்படியே அடைபட்டுவிட்டது! பொட்டலம் என்று நினைத்தது, உள்ளிருந்த பண்டத்துக்குச் சமமான மதிப்புள்ளது. சதையை மட்டும் உருவித் தின்னும் நாரையைவிட, ஓட்டோடு விழுங்கும் இந்த அப்பாவிக்கு இந்த வகையில் வரவு அதிகம்.

கணக்கை இங்கேயே விட்டுவிடலாம். ஆனால் கரைவதற்கு என்ன செலவு என்று பார்த்தபோதுதான் எனக்கே வியப்பு வந்தது. அந்தப் பாதி ஓட்டை, அதாவது 10 மில்லிகிராம் சுண்ணாம்பைக் கரைக்க எவ்வளவு அமிலம் வேண்டும்? பி.எச். 2 அளவுள்ள இரைப்பை நீர் என்று எடுத்துக்கொண்டால், 20 மில்லிலிட்டர். நியூட்டின் மொத்த உடம்பே 7 மில்லிலிட்டர்தான்! தன் உடம்பைப்போல மூன்று மடங்கு அமிலத்தை ஒரு பிராணி எங்கே வைத்திருக்கும்?

எங்கேயும் வைத்திருப்பதில்லை. இறைக்க இறைக்க ஊறும் கிணறு மாதிரி, ஓடு தின்னத் தின்ன இரைப்பைச் சுவர் புதிதாகச் சுரந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் வாழும் பிராணிக்கு எல்லாமே மெதுவாக நடக்கும். அதனால் ஒரு நத்தையின் செரிமானம் ஒரு வேளை வேலையாக இல்லாமல் சில நாள் வேலையாகிறது. கிளம்பும் வாயுவின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: அந்த 10 மில்லிகிராமிலிருந்து சுமார் இரண்டரை மில்லிலிட்டர் கரியமில வாயு. ஒரே மூச்சில் வந்தால் நியூட் பலூனாகிவிடும். துளித்துளியாக வருவதால் இரத்தத்தில் கரைந்து, ஈரமான தோல் வழியே தண்ணீரில் கலந்து போய்விடுகிறது.

தினமும் ஐந்தாறு நத்தை என்று அள்ளிப் போடுவது ஏன் சரியில்லை என்பதும் இதே கணக்கிலிருந்து விளங்கும். ஓடுகள் சேரச்சேர அமிலம் சுண்ணாம்போடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். புழு செரிக்க வேண்டிய நேரத்தில் இரைப்பை புளிப்பு குறைந்து கிடக்கும். கரையாத ஓடுகள் குடலில் கூடி அடைத்துக்கொள்ளவும் செய்யும். மண்புழுதான் சோறு, நத்தை ஊறுகாய் என்று வைத்துக்கொண்டால் பிசகாது. கால்சியம் உள்ளே போனாலும் குடல் அதை எடுத்துக்கொள்ள வைட்டமின் டி வேண்டும் என்பதையும் நத்தைப் பிரியர்கள் மறந்துவிடுகிறார்கள். அது ஓட்டில் கிடையாது.

எல்லா ஓடும் ஒன்றில்லை

தொட்டிகளில் வழக்கமாக உலவும் நத்தைகளில் மூன்று வகையைச் சொன்னால் போதும். முதலாவது, ஆட்டுக்கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட ரேம்ஸ்ஹார்ன். இரண்டாவது, கண்ணாடிபோல மெல்லிய ஓட்டுடன், நகத்தால் அழுத்தினாலே நொறுங்கும் குட்டிக் குளத்து நத்தை. இரண்டுக்கும் வாய்க்கு மூடி கிடையாது. அமிலம் உள்ளே புக வழி திறந்தே இருக்கிறது. நியூட்டுக்கு ஏற்றவை இவைதான்.

மூன்றாவது, ட்ரம்பெட் நத்தை. திருகாணி போல நீண்டு, வரிவரியாகத் தடித்த ஓடு. போதாக்குறைக்கு வாயில் ஒரு கெட்டி மூடி. ஆபத்து என்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். இதைத் தவிர்த்துவிடுவது நல்லது. நீண்ட ஓடு குடலின் வளைவில் குறுக்கே நிற்கவும் கூடும்.

நத்தையின் அளவுக்கு, வளர்ப்பவர்களிடையே ஒரு வாய்க்கணக்கு உண்டு: இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைத் தாண்டிய எதையும் கொடுக்காதே. எந்த நூலிலும் அளந்து எழுதிய விதி இல்லை என்றாலும் பயனுள்ள கணக்கு. சிலர் விரலால் ஓட்டை லேசாக நசுக்கிப் போடுகிறார்கள். புரதத் தோல் கிழிந்து அமிலம் சீக்கிரம் உள்ளே போகும் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர்ந்து போகும் நத்தையைத் துரத்திப் பிடிக்கும் சுவாரசியம் நியூட்டுக்குப் போய்விடுகிறது. அசையும் இரைதான் அதன் கண்ணை எளிதில் ஈர்க்கும்.

இவர்களின் பெரிய உறவினரான ஆக்சலாட்டல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மெக்சிகோ நகரத்து சோச்சிமில்கோ கால்வாய்களைச் சேர்ந்த பிராணி அது. 2021இல் அந்நாட்டின் 50 பெசோ தாளில் ஏறியது, அதே ஆண்டு மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் நுழைந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை அறிமுகப்படுத்திவைக்க வேண்டிய அவசியமில்லை. அதன் வாய் பெரியது, உறிஞ்சும் வேகமும் பெரியது. தரையில் கிடக்கும் கூழாங்கல்லைக்கூடப் புழுவோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டு, பிறகு குடல் அடைபட்டுத் தவிக்கும். வாய்க்குள் போகிறதே என்று பெரிய நத்தையைப் போட்டால் கூழாங்கல்லுக்கு ஆன கதிதான்.

தோட்டத்து நத்தைகளைப் பொறுக்கி வந்து போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நத்தைக்கு நஞ்சு வைத்திருந்தால் அது நத்தையின் வயிறு வழியாக நியூட்டின் வயிற்றுக்கு வந்து சேரும். குளத்து நத்தைக்கு நஞ்சு பயம் குறைவு. அதற்கு வேறொரு பயம் இருக்கிறது.

நத்தைக்குள் வந்த விருந்தாளி

1995ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பள்ளி மாணவர்கள் ஒரு குளக்கரைக்குப் போனார்கள். அவர்கள் பிடித்த தவளைகளில் பாதிக்குப் பாதி ஊனம். சிலவற்றுக்குக் கால் இல்லை, சிலவற்றுக்குக் கூடுதல் கால். நாடே பதறியது. பூச்சிமருந்தா, புறஊதாக் கதிரா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1990இல், கலிஃபோர்னியாவின் ஒரு குளத்தில் கூடுதல் கால்களோடு திரிந்த சாலமாண்டர்களையும் தவளைகளையும் ஸ்டான்லி செஷன்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்திருந்தார். கால் முளைக்கும் இடத்தில் ஒட்டுண்ணித் தட்டைப்புழுவின் பொடி உறைகள் கொத்துக்கொத்தாக இருந்தன. இவை வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டாலே கால் தடுமாறி இரண்டாக முளைக்குமா? அதைச் சோதிக்க, புழு உறையின் அளவிலேயே பிசின் மணிகளை எடுத்து, ஆக்சலாட்டல் குஞ்சுகளின் கால் மொட்டில் வைத்தார். கூடுதல் கால் பகுதிகள் முளைத்தன.

1999இல், ஸ்டான்ஃபோர்டில் பட்டப்படிப்பு மாணவராக இந்த ஆய்வைத் தொடங்கிய பீட்டர் ஜான்சன் மீதிக் கதையைச் சொன்னார். ஊனத் தவளைகள் இருந்த குளங்களிலெல்லாம் ஒரே ஆள் இருப்பதை அவர் குழு கவனித்தது. அது ரேம்ஸ்ஹார்ன் வகை நத்தை. அந்த நத்தையிலிருந்து வெளிவந்த ரைபிரோயியா என்ற தட்டைப்புழுவின் குஞ்சுகளைச் சோதனைச்சாலையில் தலைப்பிரட்டைகளோடு விட்டார்கள். குளத்தில் கண்ட அதே ஊனங்கள் வந்தன. குஞ்சுப்புழு அதிகமாக அதிகமாக, ஊனமும் சாவும் அதிகமாயின. மினசோட்டா முதல் எல்லா இடத்துக்கும் இது ஒன்றே விடை என்று யாரும் சொல்லவில்லை. பெரிய விடைகளில் இது ஒன்று.

அந்தப் புழுவின் பயணம் ஒரு சதிக் கதை. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவையின் வயிற்றில் முட்டையிடுகிறது. எச்சத்தோடு தண்ணீரில் விழுந்த முட்டை பொரிந்து நத்தைக்குள் நுழைகிறது. நத்தையின் இனப்பெருக்க உறுப்பைத் தின்று அதை மலடாக்கிவிட்டு, உள்ளேயே பல்கிப் பெருகுகிறது. பிறகு இரவு நேரத்தில், வாலுள்ள பொடிக் குஞ்சுகளாக நத்தையை விட்டு நீந்தி வெளியே வந்து தலைப்பிரட்டையைத் தேடுகிறது. கால் மொட்டில் துளைத்துக் குடியேறுகிறது. கால் கோணிய தவளையால் வேகமாகத் தாவ முடியாது. கொக்கு சுலபமாகப் பிடிக்கும். புழு மறுபடி கொக்கின் வயிற்றுக்கு!

நத்தை வளர்ப்பவர்கள் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புழு நத்தையிலிருந்து தானாக நீந்தி வருகிறது. நியூட் நத்தையைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே தண்ணீரில் இருந்தாலே போதும். ஓட்டோடு விழுங்கப்பட்ட நத்தையைப் பற்றித்தான் இத்தனை நேரம் கவலைப்பட்டோம். விழுங்கப்படாமல் கண்ணாடியில் சாதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் நத்தையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. குளத்திலிருந்து நேராகத் தொட்டிக்கு, அதுவும் கால் முளைக்காத குஞ்சுகள் இருக்கும் தொட்டிக்கு, நத்தையைக் கொண்டுவருவதை நான் எவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜன்னலோரத்துப் புட்டி

இதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை. இந்தத் தட்டைப்புழுக்கள் நத்தையின் முட்டைக்குள் புகுவதில்லை. ஒவ்வொரு தலைமுறை நத்தையையும் அவை புதிதாகத்தான் பிடிக்க வேண்டும், அதற்குப் பறவையின் எச்சம் வேண்டும். ஆகவே வாங்கிய நத்தையைத் தொட்டியில் விடாமல், ஓர் அகலவாய்ப் புட்டியில் விட்டு ஜன்னலோரம் வைக்க வேண்டும். நத்தைகளில் ஆண், பெண் என்று தேட வேண்டியதில்லை. குளத்து நத்தையும் ரேம்ஸ்ஹார்னும் இரண்டும் ஒருங்கே ஆனவை. சில நாளில் கண்ணாடியின் உட்புறத்தில், ஜவ்வரிசிக் கூழின் சொட்டு மாதிரி, கண்ணாடிபோலத் தெளிந்த முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும். அந்தக் கொத்தை மட்டும் பிளேடால் மெல்ல வழித்து, சுத்தத் தண்ணீர் நிரப்பிய இன்னொரு புட்டிக்கு மாற்றிவிட வேண்டும். தாய் நத்தையும் அது கொண்டுவந்த விருந்தாளிகளும் பழைய புட்டியோடு நின்றுவிடுவார்கள்.

பூதக்கண்ணாடி வைத்திருந்தால் இந்த நாட்களைத் தவறவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு வெண்புள்ளி. பிறகு புள்ளி மெல்லச் சுழலத் தொடங்கும். பிறகு அதற்கு ஓர் ஓடு. பத்துப் பதினைந்து நாளில் கடுகுக்கும் சிறிய நத்தைகள் கூழைத் தின்றுகொண்டே வெளியே வரும்.

வேகவைத்த கீரைத் தண்டு, வெள்ளரித் துண்டு, இவை போதும் சாப்பாட்டுக்கு. ஆனால் சில ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பே இருக்காது. அந்த நீரில் வளரும் நத்தையின் ஓடு குழிவிழுந்து, உச்சி வெளிறி, தொட்டால் பொடியும். அப்படிப்பட்ட நத்தையைக் கொடுத்தால் நம் 20 மில்லிகிராம் கணக்கு பொய்த்துப்போகும். அதற்காகத்தான் பழக்கமுள்ளவர்கள் புட்டிக்குள் ஒரு முட்டை ஓட்டைக் கழுவிப் போட்டுவைக்கிறார்கள். நத்தைகள் அதன்மேல் மொய்த்து, அரம் போன்ற நாக்கால் ராவிக்கொண்டே இருக்கும். ஒரு மாதத்தில் முட்டை ஓட்டின் உட்புறம் தேய்ந்து வெளிச்சம் தெரியும்.

அந்த முட்டை ஓடு எங்கிருந்து வந்தது? பண்ணைக்கோழிக்கு ஓடு கெட்டியாக இருக்கட்டும் என்று தீவனத்தில் கிளிஞ்சல் தூள் கலக்கிறார்கள். கிளிஞ்சல் கடலிலிருந்து வந்தது. கடல் நீரில் இருந்த சுண்ணாம்பு சிப்பியாகி, கோழிக்குள் போய், முட்டை ஓடாகி, நத்தை ஓடாகி, இன்று காலை ஒரு கிணற்றுக் காவலனின் முன் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அவன் தலையைச் சாய்த்துப் பார்க்கிறான். வாய் திறந்து மூடுகிறது. தொண்டை இரண்டு முறை ஏறி இறங்குகிறது. மூக்கு நுனியருகே ஒரு சிறு குமிழி கிளம்பி மேலே போகிறது.